எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்

"எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று டாக்டர் சொன்னதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "அதை எடுத்துவிடலாமா?" என்பதுதான். ரிப்போர்ட்டில் ஆஸ்டியோஃபைட் என்று இருக்கும். படத்தில் முட்டியின் ஓரத்திலோ முதுகெலும்பின் விளிம்பிலோ கிளிமூக்குபோல ஒன்று வளைந்து நிற்கும். அதுதான் குத்துகிறது என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலும் அப்படி இல்லை.

மூட்டுக்குள் எலும்பின் முனையை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் அடிபட்டால் எளிதில் ஆறாது; தேயத் தொடங்கும்போது வலித்துக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை எல்லாம் சேர்ந்து அது மெலியும்போது, மூட்டின்மேல் விழும் பாரம் இடம் மாறுகிறது. அதற்கு ஈடுகொடுக்க உடம்பு விளிம்பில் புதுக் குருத்தெலும்பை வளர்த்து, பிறகு அதை எலும்பாக்கிவிடுகிறது. முள் என்று பயப்படுவது இதைத்தான்.

விரல்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐம்பது வயது தாண்டிய பெண்கள் பலருக்கு, நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவில் இருபுறமும் கெட்டியான சிறு முடிச்சுகள் இருக்கும். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இவற்றை விவரித்த நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1802-இல் வெளிவந்தது. இன்றும் அவர் பெயரால்தான் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். முடிச்சு உருவாகும் காலத்தில் கணு சிவந்து வலிக்கும். பிறகு முடிச்சு அப்படியே இருக்க, வலி பலருக்கு அடங்கிவிடுகிறது.

முதுகிலும் இப்படித்தான். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். ஆகவே படத்தை மட்டும் பார்த்து மனம் ஒடிந்துபோகத் தேவையில்லை.

கால்சியம் கூடிப்போனதால் எலும்பு வளர்கிறது என்று பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முள் அதனால் வருவதும் இல்லை, நிறுத்தினால் கரைவதும் இல்லை. மாதவிடாய் நின்ற வயதில் அவற்றை நிறுத்தினால், இருக்கிற எலும்புதான் மெலியும்.

சரி, சுரண்டி எடுத்தால்? தேய்ந்த முட்டிக்குள் துளை வழியாகக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆபரேஷனை ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது: உண்மையாகவே சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கும், தோலில் வெறும் கீறல் போடப்பட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை.

உதவுவது தசைதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். முட்டிக்கு மேலே தொடைச்சதை இறுகுவது கைக்குத் தெரியும். ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். பத்துப் பத்தாக, இரண்டு கால்களுக்கும். வலிக்கிறதே என்று படுத்துவிட்டால் இந்தச் சதை இளைத்து, பாரம் முழுவதும் மூட்டின்மேல் விழும். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டிக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறையும். மெடிக்கலில் தானாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகி, வீங்கியும் இருந்தால் அது தேய்மானம் அல்லாத வேறு வாதமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும்.

முள் உண்மையாகவே தொல்லை தரும் இடம் முதுகுத்தண்டு. நரம்பு வெளியேறும் துவாரத்தை அது நெருக்கும். இடுப்புப் பகுதியில் என்றால், கொஞ்சம் நடந்ததும் கால் கனத்து மரத்துப்போகும், உட்கார்ந்தால் விடும். கழுத்தில் தண்டுவடமே அழுந்தினால், சட்டைக்குப் பொத்தான் போடவும் சேலைக்குப் பின் குத்தவும் விரல்கள் தடுமாறும், நடை தள்ளாடும். இதற்கு வலியே இல்லாமலும் போகலாம். காலர் மாட்டிக்கொண்டு மாதங்களைக் கடத்தாமல், எம்.ஆர்.ஐ. எடுத்து முதுகுத்தண்டு அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். அழுத்தத்தை நீக்கும் ஆபரேஷன் மேலும் மோசமாகாமல் காக்கும். இழந்த பலம் முழுதும் திரும்பும் என்ற உறுதி இல்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.