எந்த மாட்டுக்குப் புல் அதிகம்?

அம்பாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். தரை முழுக்கக் கலர் கலராகக் கோடுகள். ஒரு சாயங்காலம் அங்கே இரண்டு பையன்களுக்குள் வாக்குவாதம். பூப்பந்துக்குத்தான் இடம் அதிகம் வேண்டும் என்றான் ஒருவன். செப்பாக் தக்ராவுக்குத்தான் என்றான் மற்றவன். தலைகீழாகப் பாய்ந்து உதைக்கிறார்களே, அதனால்!

இரண்டு பேருமே தோற்றார்கள். இரட்டையர் பூப்பந்துத் திடலும் தக்ராத் திடலும் ஒரே அளவு: நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர்.

கைப்பந்துத் திடல்? நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். “கொஞ்சம் பெரிசு” என்றார்கள். நீளத்தில் நாலரை மீட்டர், அகலத்தில் மூன்று மீட்டர்தானே கூடியிருக்கிறது! ஆனால் பெருக்கிப் பாருங்கள். பூப்பந்துத் திடல் ஏறக்குறைய 82 சதுர மீட்டர், கைப்பந்துத் திடல் 162. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! நம் கண் ஓரத்துக் கோட்டைத்தான் பார்க்கிறது. உள்ளே விரிந்து கிடக்கும் இடத்தை, அதாவது பரப்பளவை, அது சரியாகக் கணிப்பதில்லை.

பெருக்கல் தெரியாத தம்பி தங்கைகள் கவலைப்பட வேண்டாம். பிஸ்கட் போதும். சதுரமான கிரீம் கிரேக்கரை எடுத்து, இடைவெளி விடாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரு புத்தகத்தின்மேல் பரப்புங்கள். பிறகு எண்ணுங்கள். அடுத்த புத்தகத்துக்கும் அதே பிஸ்கட்தான். எதற்கு அதிகம் பிடிக்கிறதோ அதுவே பெரிது. மேரி பிஸ்கட் உதவாது. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே சந்து விழும். (எண்ணி முடிக்கும்வரை தின்னக்கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.)

ஜெனீவாவில் ழான் பியாஜே என்று ஓர் அறிஞர் இருந்தார். சிறுவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர். இன்ஹெல்டர், ஷெமின்ஸ்கா என்ற இரு பெண்மணிகளோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் ஒன்று 1948-இல் வந்தது. அதில் பரப்பளவைப் பற்றி இப்படி ஒரு சோதனை: ஒரே அளவில் இரண்டு பச்சை அட்டைகள். அவைதான் புல்வெளி. ஒவ்வொன்றிலும் ஒரு மாடு. பிறகு இரண்டிலும் அதே எண்ணிக்கையில் குட்டி வீடுகளை வைக்க வேண்டும். ஒன்றில் ஒட்டி ஒட்டி, மற்றதில் சிதறலாக. எந்த மாட்டுக்குப் புல் அதிகம்?

ஐந்து வயதாகும் என் அக்கா மகளிடம் வீடுகளுக்குப் பதிலாகத் தீப்பெட்டிகளை வைத்துக் கேட்டேன். புல்வெளிக்கு ஒரு பெட்டி வைத்தபோது, “ரெண்டும் சமம், மாமா” என்றாள். ஆறாறு பெட்டிகள் ஆனதும் முகம் மாறியது. சிதறிய பக்கத்தைக் காட்டி, “இந்த மாடு பாவம், பசிக்கும்” என்றாள்.

பெட்டிகளை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளினேன்.

“இப்ப சரி.”

திரும்பவும் பிரித்து வைத்தேன். மாட்டுக்கு மறுபடியும் பசி வந்துவிட்டது.