தொழிற்சாலையில் சுவர், தளத்தில் வீடு: குத்தகையாளர்கள் தயங்குவது ஏன்?

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம் பிரிக்பீல்ட்ஸ். அங்கேயே 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையத்தின் கூரை எஃகுச் சட்டங்களால் ஆனது. மாடித் தளங்களுக்கோ தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பலகைகள் லோரியில் வந்து இறங்கின.

இப்படிப் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து, தளத்தில் பொருத்தும் முறையைத்தான் மலேசியாவில் ஐ.பி.எஸ். என்கிறார்கள். சுவர், தூண், படிக்கட்டு என எல்லாவற்றையும் கிரேன் தூக்கி வைக்கும். வேலை சீக்கிரம் முடியும், ஆட்களும் குறைவு. அப்படியிருந்தும் நம் குத்தகையாளர்கள் பலர் ஏன் தயங்குகிறார்கள்?

முறை புதிதென்று சொல்ல முடியாது. 1960களிலேயே கோலாலம்பூர் ஜாலான் பெக்கெலிலிங்கில் 17 மாடி கொண்ட 7 புளோக்குகள், சுமார் 3,000 வீடுகள், டென்மார்க்கின் லார்சன்-நீல்சன் முறையில் எழுந்தன. அதே முறையில் லண்டனில் கட்டப்பட்ட 22 மாடி ரோனன் பாயிண்ட் கட்டடத்தில் 1968 மே 16ஆம் நாள் எரிவாயு வெடித்தது. ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. 4 பேர் மாண்டனர். பலகைகளை இணைக்கும் மூட்டுகள் பலவீனமாக இருந்ததே காரணம். பெக்கெலிலிங் வீடுகளோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 2010களில்தான் இடிக்கப்பட்டன. ஆக, பழியை முறையின் மீது மட்டும் போட முடியாது. மூட்டு வேலையைச் செய்யும் கைதான் முக்கியம். நம் நாட்டு மழைக்கு, மூட்டு சரியில்லை என்றால் முதலில் ஒழுகுவதும் அங்கேதான்!

ஆனால் பெரிய தடை பயம் அல்ல, பணப்புழக்கம். பழைய முறையில் சிமெண்டும் கம்பியும் கடனுக்குக் கிடைக்கும். வேலை முடிந்த அளவுக்கு மாதந்தோறும் பணம் கோரலாம். ஐ.பி.எஸ். என்றால், வார்க்கத் தொடங்குமுன்பே தொழிற்சாலை முன்பணம் கேட்கும். பாகங்கள் தளத்தில் பொருத்தப்பட்ட பிறகுதான் குத்தகையாளருக்குப் பணம் வரும். இடைப்பட்ட காலத்தை யார் தாங்குவது? மேலும், அச்சு செய்யும் செலவு 20 வீட்டுக்கும் 500 வீட்டுக்கும் ஒன்றுதான். கிள்ளானில் ஒரு வரிசை வீடு கட்டும் சிறு குத்தகையாளருக்குக் கணக்கு உதைக்கும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி. 2003 முதல் 2010 வரைக்குமான திட்டம் வகுத்தது. 2007இல், பாதிக்கு மேல் ஐ.பி.எஸ். கொண்ட வீடமைப்புத் திட்டங்களுக்கு லெவி விலக்கு வந்தது. லெவி 0.125 விழுக்காடு, ஒரு கோடி ரிங்கிட் திட்டத்துக்கு மிச்சம் 12,500 ரிங்கிட். இதற்காக யார் தொழில்முறையையே மாற்றுவார்? 2008 இறுதியில், அரசுத் திட்டங்களுக்கு 70 புள்ளிகள் கட்டாயம் என்ற சுற்றறிக்கை வந்தபோதுதான் அசைவு தெரிந்தது.

அந்தப் புள்ளிக் கணக்கைப் பலர் சரியாகப் பார்ப்பதில்லை. கட்டமைப்புக்கு 50, சுவருக்கு 20, எளிமையாக்கப்பட்ட பிற வேலைகளுக்கு 30. திரும்பத் திரும்பப் பயன்படும் எஃகு அச்சுப் பலகைகளும், அளவு பிசகாத புளோக் கற்களும்கூடச் சேரும். சொந்தக் கிரேன் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது.

மலிவான அந்நியத் தொழிலாளர்கள் கிடைக்கும்வரை பழைய முறையே லாபம் என்ற வாதம் நீண்டகாலம் செல்லுபடியானது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லைகள் மூடப்பட்டதும், ஆளில்லாமல் தளங்கள் தவித்தன.

வாங்குபவருக்கும் ஒரு மனக்குறை. நம்மவர்களுக்குச் சாவி கிடைத்த கையோடு சமையலறையை நீட்டியாக வேண்டும்! பாரம் தாங்கும் காங்கிரீட் சுவரை அப்படி உடைக்க முடியாது. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று காட்டும் வரைபடத்தை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மேம்பாட்டாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.