லேப்டாப் விசிறி ஏன் இரைகிறது?

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் கோயில் திருவிழாவைப் படம்பிடித்து, வீட்டிலேயே எடிட் செய்பவருக்கு இது பழகிய சத்தம்தான். 'ரெண்டர்' கொடுத்த சிறிது நேரத்தில் விசிறி இரையும், அடிப்பாகம் சுடும். அந்த இரைச்சலே கோளாறு ஆகிவிடாது.

கடினமான வேலை வந்தால் பிராசஸர் வேகத்தைக் கூட்டும். அதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். மின்னழுத்தம் சற்றே கூடினாலும் வெப்பம் அதைவிட அதிக விகிதத்தில் ஏறும். அந்த வெப்பத்தைச் செம்புக் குழாய் ஓரத்துத் தகடுகளுக்குக் கடத்துகிறது, விசிறி வெளியே தள்ளுகிறது. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரெண்டர் பாதியில் மந்தமாவது இதனால்தான்.

விசிறியால் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சி தர முடியாது. 25 டிகிரி அறையில் சமாளிக்கும் லேப்டாப், சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் திணறும். அடுத்தது தூசி. மலைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று வீட்டுக்குள் கொண்டுவரும் புழுதி, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோலப் படிந்து வழியை அடைக்கும்.

ரெண்டர் ஓடும்போது காற்று வெளிவரும் துவாரத்தருகே கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று பலமாக வந்தால் எல்லாம் சரி. சத்தம் அதிகம், காற்று குறைவு என்றால் தூசி அடைப்பு. சூடு ஏறியும் சத்தமே இல்லையென்றால் விசிறி பழுது. வேலை எதுவும் கொடுக்காமலே இரைந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸரைப் பிடித்துவைத்திருக்கும் புரோகிராம் எதுவென்று பாருங்கள்.

மெத்தையில் வைக்காதீர்கள். பலகைமேல், பின்பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்யுங்கள். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, விசிறி சுழலாதபடி பல்குச்சியால் நிறுத்திக்கொண்டு, விட்டுவிட்டுக் காற்றடிக்க வேண்டும். சில ஆண்டுகள் ஆன கருவியென்றால் தெர்மல் பேஸ்ட்டையும் கடையில் மாற்றச் சொல்லுங்கள். விண்டோஸ் மின் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்தால், பல லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று சூடு நன்றாகவே குறையும். ரெண்டர் முடியச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். டச்பேடு மேலெழும்பினால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். பேட்டரி வீங்கியிருக்கலாம், அது ஆபத்து.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் இன்னும் ஓடுபவையும் இருக்கின்றன. அப்படியொன்று சூடாகிறது என்று மூலையில் போடும் முன், ஒருமுறை தூசியைத் தட்டிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.