வட்டாரத் தொழில்கள் – 9: கார் டிடெய்லிங்குக்கு மருந்து வாங்கும் முன்

கார் டிடெய்லிங் கடைக்கு ஷாம்பு, பாலிஷ், கோட்டிங் என்று எதை வாங்குவதானாலும் முதலில் பார்க்க வேண்டியவை அந்த ஊரின் தூசும் தண்ணீரும். பிராண்டுப் பேச்சு அதற்குப் பிறகுதான். பெரு நகரத்துக் கடையில் பளபளப்பைக் கொட்டும் ஒரு பொருள், பேத்தமங்களாவில் இரண்டே மாதத்தில் வெளுத்துப் போவதுண்டு. பொருளில் குறையில்லாமலேயே அப்படி நடக்கும்.

பாலாற்றங்கரையில் பெரிய ஏரியோடு அமைந்த ஊர் பேத்தமங்களா. சுரங்கங்கள் ஓடிய காலத்தில் கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் போனது இந்த ஏரியிலிருந்து. இப்போது பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை இந்த வட்டாரத்தின் வழியாகப் போகிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம் என்று தங்கவயல் பக்கம் தினமும் போய்வரும் கார்கள், பெங்களூரு வாடகைக்கு ஓடும் டாக்ஸிகள், சீனிவாசப்புரம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களின் ஜீப்புகள் எல்லாம் இங்கே கடை போடுபவருக்கு வாடிக்கை வண்டிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அழுக்கோடு வரும்.

எல்லாவற்றிலும் கொடியது சயனைடு மேட்டுத் தூசு. தங்கவயல் சுரங்கங்களை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாறையை மாவாக அரைத்து, சயனைடில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண், தங்கவயலுக்குள் குன்றுகளாகவே நிற்கிறது. காற்றுக் காலத்தில் அது பறந்து வந்து கூரை, துணி, கார் என எல்லாவற்றின் மேலும் படிகிறது. தங்கம் இருந்த பாறை குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சாதாரணக் கண்ணாடியையே கீறிவிடும்.

கார் பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட்டின் கனமோ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. குவார்ட்ஸ் தூசு படிந்த காரை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலே அந்த அடுக்கில் நூற்றுக்கணக்கான கீறல்கள் விழும். வெயிலில் வண்டியைச் சாய்த்துப் பார்த்தால் சிலந்திவலை போலத் தெரியும் வட்டக் கோடுகள் அப்படி வந்தவைதான். காலையில் காரை உலர்துணியால் தட்டித் துடைக்கும் பழக்கம் தங்கவயலில் ஒரு வண்டியின் நிறத்தை ஓரிரு வருடத்தில் தின்றுவிடுகிறது.

தூசு பெயின்ட்டோடு நிற்பதுமில்லை. சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்ற சிலிகோசிஸ் நோய்க்குக் காரணமும் இதே குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா தூசுதான். இருக்கைக்கு அடியிலும் டாஷ்போர்டு இடுக்கிலும் சேர்ந்த தூசைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது எல்லாக் கடைகளிலும் நடக்கிறது. இந்த வட்டாரத்தில் அதைச் செய்யவே கூடாது. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வாக்குவம் கிளீனரும், ஈரத் துணியும், என்95 முகக்கவசமும் இங்கே ஷாம்புவுக்கு முன்பே வாங்கவேண்டிய சாமான்கள். பாட்டன் சுரங்கத்தில் சுவாசித்ததைப் பேரன் கார் கடையில் சுவாசிக்க வேண்டியதில்லை.

தூசை உரசாமல் கழற்றுவதே கழுவும் வேலையின் முதல் படி. பிரஷர் பம்பால் வெறும் தண்ணீர் அடித்துத் தளர்ந்த மண்ணை இறக்கியபின், நுரைத் துப்பாக்கியால் முன்கழுவு நுரை அடிக்கவேண்டும். நுரை மூன்று நான்கு நிமிடம் ஊறி, காயும் முன்னே அலசப்பட வேண்டும். லேசான காரத்தன்மையுள்ள நுரை அழுக்கை நன்றாகக் கழற்றும். ஆனால் மெழுகு பூசிய வண்டியில் மெழுகையும் சேர்த்துக் கழற்றும். ஆகவே கடையில் இரண்டு வகையும் இருக்கவேண்டும்: மெழுகு, கோட்டிங் உள்ள வண்டிக்கு நடுநிலை நுரை, டீசல் கறையும் வயல்மண்ணும் ஏறிய வண்டிக்குக் கார நுரை. அதற்குப் பிறகுதான் கை வைத்துத் தேய்க்கும் ஷாம்பு. அது பிஹெச் 7-ஐ ஒட்டியதாக, வழவழப்பு அதிகம் தருவதாக இருக்கவேண்டும். நுரை பொங்குவது ஷாம்புவின் தரத்துக்கு அடையாளமாகாது. கையுறைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மணல் வழுக்கிப் போகிறதா என்பதே கேள்வி. ஷாம்புவுக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி என்று இரண்டு வாளி வைப்பதும் அதற்காகவே.

சர்வீஸ் ஸ்டேஷன்களில் நெடுநாளாகப் புழங்கும் துணிச்சோப்புத் தூளும் மண்ணெண்ணெயும் இந்த வேலைக்கு ஆகாதவை. சோப்புத் தூளின் காரம் அலுமினியத்தையும் கறுப்பு பிளாஸ்டிக்கையும் வெளுக்கச் செய்யும். மண்ணெண்ணெயும் டீசலும் ரப்பர் புஷ்களை ஊத வைக்கும்; அவை விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் அன்று மாலையே தூசை இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வெகு ஆழம் போய்விட்டன; கிடைக்கும் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமுமானது. கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஷாம்புவின் வேலையைக் குறைக்கின்றன. அலசிய பிறகு சொட்டு காயும் இடத்தில் வெள்ளை வட்டமாக நிற்கின்றன. சூடான பானெட்டில் பலமுறை அப்படிக் காய்ந்தால், வட்டம் கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கும். அப்புறம் கழுவிப் பயனில்லை, பாலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

எனவே கடை திறப்பவர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கரைந்த திடப்பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரையும் கடினத்தன்மை சோதிக்கும் சிறு மருந்துப் பெட்டியையும் முதலில் வாங்கிவிடுவது நல்லது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200 மில்லிகிராம். காரின் கடைசி அலசலுக்கு அதைவிட மிகக் குறைந்த உப்புள்ள தண்ணீர் தேவை. இங்கே ஒரு குழப்பம் பரவலாக உண்டு. சாஃப்ட்னர் கருவி கால்சியத்தை எடுத்து அதற்குப் பதிலாக சோடியத்தை விடுகிறது; கறை எளிதில் கழுவிப் போகுமே தவிர, டிடிஎஸ் இறங்காது. கறையே விழாத தண்ணீருக்கு ஆர்.ஓ. அல்லது அயனி நீக்கும் ரெசின் வேண்டும். உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் ரெசின் தீர்ந்துபோகும். போர் தண்ணீரை நேரே ரெசினில் விட்டால் செலவு தாங்காது. ஆர்.ஓ. கருவியோ கழிவுநீராகப் பாதியைத் தள்ளிவிடும். வறண்ட மாவட்டத்துக்கு அது நியாயமான வழியாகாது.

மழைநீர் மிகச் சிறந்த மாற்று. அதில் உப்பு மிகக் குறைவு. கோலார் மாவட்டத்து ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் விழுவது 70,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 56,000 லிட்டர். கடைசி அலசலுக்கு ஒரு காருக்கு 20 லிட்டர் போதும். ஆக 5,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினாலே 250 காருக்குக் காணும். கூரையில் படிந்த தூசை முதல் மழை கழுவிப் போனபிறகே தொட்டிக்கு நீரைத் திருப்பவேண்டும். ஷாம்பு தேய்ப்பது வரை போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு மழைநீர் என்று பிரித்துக்கொண்டால், வெள்ளைக் கறை நீக்கும் மருந்துக்குச் செலவிடும் பணம் பெருமளவு மிஞ்சும்.

கழுவியபின்னும் ஒட்டியிருக்கும் பிரேக் இரும்புத்தூளுக்குத் தயோகிளைகோலேட் சேர்ந்த இரும்பு நீக்கி உண்டு. இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாகும். தார், மாம்பிசினுக்குத் தனிக் கரைப்பான்கள். மிச்சம் மீதிக்குக் கிளே பார் என்ற களிமண் கட்டி, அதுவும் வழவழப்பு நீர் தாராளமாகத் தெளித்து. வெள்ளைக் கறைக்கு சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலம் போதும். அலாய் வீலை நொடியில் பளிச்சென்று ஆக்குவதாகப் பெயரில்லாத கேனில் வரும் திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கக்கூடும். இவை தோலில் பட்ட உடனே வலிக்காமல்கூட உள்ளே இறங்கி எலும்பின் கால்சியம் வரை தாக்கும், உயிர்போகவும் வாய்ப்புண்டு. கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் உடனடி மருத்துவமும் தேவைப்படும் விஷயம் இது. சிறு கடை இவற்றை உள்ளே விடாமலிருப்பதே சரி. உற்பத்தியாளர் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாளைத் தர மறுத்தால் அந்தக் கேனை வாங்கக்கூடாது.

பாலிஷ் என்பது கிளியர் கோட்டைச் சீவுவது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பெயின்ட்டை இறக்கினால்தான் கீறல் மறையும். எனவே பெயின்ட்டின் கனம் அளக்கும் கருவி இல்லாமல் கடும் ரப்பிங் காம்பவுண்டைத் தொடுவது ஆபத்து. ஒரு கடைக்கு நடுத்தரக் காம்பவுண்டு ஒன்றும் முடிப்புப் பாலிஷ் ஒன்றும் போதும். மெழுகும் எண்ணெயும் சேர்ந்து கீறலை நிரப்பி மறைக்கும் மலிவுப் பாலிஷ் நாலு கழுவலில் கலைந்து, கடையின் பெயரையும் சேர்த்துக் கலைக்கும்.

பாதுகாப்புப் பூச்சுகளில் பழையது கார்னௌபா மெழுகு; பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைவகையின் இலையிலிருந்து வருவது. 82 டிகிரிக்கு மேல் உருகும். கோடை வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியை நெருங்குவதால், இங்கே அது சில வாரங்களே நிற்கும். செயற்கைப் பாலிமர் சீலன்ட் சில மாதம் தாங்கும், விலையும் குறைவு. வாரம் முழுக்க ஓடும் டாக்ஸிக்கு இதைவிட ஏற்றது இல்லை. டெஃப்லான் கோட்டிங் என்ற பெயர் இன்னும் விலைபோகிறது. டெஃப்லான் உருகிப் படலமாவது 327 டிகிரியில். கார் பெயின்ட் அந்தச் சூட்டைக் காண முடியாது. அந்தப் பெயரில் பூசப்படுவதில் பலன் தருவது கூட இருக்கும் மெழுகும் பாலிமரும்தான்.

செராமிக் கோட்டிங் பெயின்ட்டோடு வேதிமுறையில் பிணைந்து, ஓரிரு மைக்ரான் கனத்தில் சிலிக்கா சார்ந்த படலமாகிறது. வெயில், பறவை எச்சம், மாம்பிசின் ஆகியவற்றிலிருந்து நல்ல காவல். அழுக்கு எளிதில் கழன்றுவிடும். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் 9ஹெச் என்பது பென்சில் கடின அளவு. எழுதுகோலின் கரி கீறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. குவார்ட்ஸ் தூசு 9ஹெச் கோட்டிங்கையும் கீறும். கீறலே விழாது என்று தங்கவயல் வாடிக்கையாளரிடம் சொல்லி விற்பது பொய் சொல்லி விற்பது. இன்னொரு குறையும் உண்டு. தண்ணீரை முத்துமுத்தாக உருட்டி நிறுத்தும் கோட்டிங்கில், ஒவ்வொரு முத்தும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாகும். போர் தண்ணீரில் வீட்டிலேயே கழுவுபவருக்கு, நீர் தாளாக வழிந்தோடும் வகையே ஏற்றது. கோட்டிங்கோடு கனமான மைக்ரோஃபைபர் துவாலை ஒன்றையும் கொடுத்து, கழுவிய உடனே ஒற்றியெடுக்கச் சொல்லி அனுப்பவேண்டும். பூசும் வேளையில் ஷட்டரை இறக்கி, தரையை நனைத்துத் தூசை அடக்குவதும் கட்டாயம்.

சாலையில் தெறிக்கும் கல்லடிக்கு மருந்து ஒட்டுப் படலம் மட்டுமே. பிபிஎஃப் எனப்படும் பாதுகாப்பு ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ளது. டிபியூ என்ற பாலியூரித்தேன் வகை வெயிலின் சூட்டில் சிறு கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும். பிவிசி வகை மஞ்சளித்துச் சுருளும். விரைவுச்சாலையில் தினமும் போகிறவருக்கு முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினால் செலவு கட்டுப்படும்.

டயருக்கும் டாஷ்போர்டுக்கும் எண்ணெய்ப் பசையில்லாத, நீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங். ஈரமாக மினுக்கும் சிலிகான் எண்ணெய் தூசைச் சேறாகப் பிடித்துவைக்கும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா இல்லாத திரவம்.

விலையைக் கேனுக்குப் பார்க்காமல் வாளிக்குப் பார்க்கவேண்டும். லிட்டர் 600 ரூபாய் ஷாம்புவை நூற்றுக்கு ஒன்று கலப்பதாகவும், 200 ரூபாய் ஷாம்புவை இருபதுக்கு ஒன்று கலப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் வாளிக்கு முதலாவது 100 மில்லி, அதாவது 60 ரூபாய். இரண்டாவது அரை லிட்டர், 100 ரூபாய். மலிவென்று வாங்கியதே செலவு கூட்டுகிறது. கோட்டிங்கைச் சிறு புட்டியாக வாங்குவதே மேல். திறந்த புட்டி காற்றின் ஈரம் பட்டுச் சில வாரங்களில் கட்டியாகும்.

கழுவிய தண்ணீர் மண் தங்கும் தொட்டி ஒன்றிலும், எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்றிலும் நின்ற பிறகே வெளியேற வேண்டும். நீர்நிலைகளில் கழிவு விடுவதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. பேத்தமங்களா ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் பாலாற்றில் இறங்கி ஆந்திரத்துக்கும் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக்கும் போகிறது. கடையின் வடிகால் அந்த ஏரியை நோக்கி இருக்கக்கூடாது. தொட்டியில் படியும் சேற்றில் எண்ணெயும் பிரேக் உலோகத் தூளும் கலந்திருப்பதால் அதை வயலிலோ ஏரிக்கரையிலோ கொட்டாமல், பயன்படுத்திய ஆயில் துணிகளோடு சேர்த்து மூடிய டிரம்மில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த கழிவு எடுப்பவரிடம் ஒப்படைக்கவேண்டும்.