‘யுவர் கமிங்’கா, ‘யூ கமிங்’கா?

ஈரோட்டில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். ஜவுளி ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் வருவார்கள். எல்லாரும் ஒருமுறையாவது தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ‘நீங்கள் தாமதமாக வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்பதை ‘ஐ டோன்ட் மைண்ட் யுவர் கமிங் லேட்’ என்று எழுதுவதா, ‘யூ கமிங் லேட்’ என்று எழுதுவதா? “ரெண்டுல எதுங்க சார் சரி?” என்பார்கள்.

இரண்டுமே சரி.

தமிழ் பேசுகிறவருக்கு இது புரியாத விஷயமே அல்ல. ‘நீங்கள் வருவது’ என்கிறோம், ‘உங்கள் வருகை’ என்கிறோம். ‘உங்கள் வருவது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘வருவது’ பெயராக நின்றாலும் அதில் வினையின் உயிர் இருக்கிறது. காலம் காட்டுகிறது, எழுவாயைக் கேட்கிறது. ‘வருகை’ முழுப் பெயர். நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனி உருவம் உண்டு. ஆங்கிலத்தில் ‘கமிங்’ ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கிறது. பெயராகப் பார்த்தவர் ‘யுவர்’ போட்டார், வினையாகப் பார்த்தவர் ‘யூ’ போட்டார். நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் என்று கொங்கு நாட்டில் சொல்லப்படும் சீனாபுரம், பெருந்துறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் ‘வருவது’, ‘வருகை’ போன்ற தொழிற்பெயரில் தொடங்கித்தான் ஆங்கிலத்தின் ஜெரண்டை, அதாவது பெயராக நிற்கும் ‘-இங்’ வடிவத்தை, சொல்லிக்கொடுக்கிறேன். சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆங்கில இலக்கண அறிஞர்களே இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1906இல் ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் ‘யூ கமிங்’ வகையைக் கடுமையாகச் சாடினார்கள். டென்மார்க் மொழியறிஞர் ஆட்டோ யெஸ்பெர்சன், நல்ல எழுத்தாளர்களிடமிருந்தே சான்றுகளை எடுத்துக்காட்டி மறுத்தார். நம் பள்ளிகளில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் சொன்ன ‘யுவர்’ விதியே நிலைத்துவிட்டது.

விண்ணப்பம், அலுவலகக் கடிதம், தேர்வு என்றால் ‘யுவர்’, ‘மை’, ‘ஹிஸ்’ போடுங்கள். வாக்கியம் ‘யுவர் கமிங் லேட்’ என்றே தொடங்கினாலும் அப்படித்தான். பேச்சில் ‘யூ’, ‘மீ’, ‘ஹிம்’ தாராளமாக வரலாம். ஆனால் ‘அவன் ஓடுவதைப் பார்த்தேன்’ என்பதற்கு ‘ஐ சா ஹிம் ரன்னிங்’ மட்டுமே. கண்ணில் பட்டது ஆள். விதியை மனப்பாடம் செய்தவர்கள்தான் இங்கே ‘ஹிஸ் ரன்னிங்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘யூ கமிங் லேட்’ என்று எழுதிய பிள்ளையின் விடையைச் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். மதிப்பெண் கொடுங்கள்.