பாஸ்வேர்ட் மேல் பழி போடாதீர்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நடத்திக்கொண்டு போகும். அதே வாரங்களில் தியாகராய நகர்க் கடைகளின் இணையதளங்களிலும் நெரிசல் ஏறும். கடை உஸ்மான் சாலையில் இருக்கும். அதன் சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கவனித்துக்கொள்பவர் கடையின் மாடியறையில் உட்கார்ந்தபடி, சி-பேனல், வெப்மின் போன்ற நிர்வாகப் பக்கங்களை பிரவுசரில் திறந்து எல்லா வேலையையும் முடிப்பார்.

அவசரமாக விலையை மாற்ற வேண்டிய நேரத்தில்தான் பேனல் முரண்டு பிடிக்கும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து என்டர் தட்டினால், பிழைச் செய்தி ஏதுமின்றி அதே லாகின் பக்கம் திரும்ப வந்து நிற்கும். உடனே பாஸ்வேர்டை மாற்றத் தொடங்குவார்கள். மாற்றிய குழப்பத்தில் நாலைந்து தடவை தப்பாக அடித்து, சர்வரின் பாதுகாப்பு மென்பொருள் அந்த அலுவலகத்தின் ஐ.பி. முகவரியையே தடுத்துவிடும். ஒரு சிக்கல் இரண்டாகிவிடும். பாஸ்வேர்ட் தவறென்றால் சர்வர் அதை வாய்விட்டுச் சொல்லும். சத்தமில்லாமல் திருப்பி அனுப்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குக்கியை.

இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்.டி.டி.பி.க்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கிளிக்கையும் அது முன்பின் தெரியாத ஆள் வந்ததுபோலத்தான் பார்க்கும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்துப் பொறியாளர் லூ மான்டுல்லிக்கு இதுவே தலைவலியானது. எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் இணையக் கடை ஒன்றைக் கேட்டது. ஆனால் வாடிக்கையாளர் கூடையில் போட்டு, இன்னும் வாங்காமல் வைத்திருக்கும் பொருட்களின் கணக்கைத் தன் சர்வர்கள் சுமக்கக்கூடாது என்றது. அந்தக் குறிப்பை வாடிக்கையாளரின் பிரவுசரிலேயே வைத்துவிடலாம் என்று மான்டுல்லி கண்ட வழிதான் குக்கி. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது குக்கி ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்திருந்தது.

தி.நகர் ஜவுளிக் கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்களே, லாகின் நடப்பதும் அப்படித்தான். பாஸ்வேர்டைச் சரிபார்த்ததும் சர்வர் நீளமான ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கித் தன்னிடம் குறித்துக்கொள்ளும். அதே எண்ணைக் குக்கியாக உங்கள் பிரவுசருக்கும் அனுப்பும். அதற்குப் பிறகு பாஸ்வேர்டை யாரும் கேட்பதில்லை, டோக்கனைத்தான் கேட்பார்கள். டோக்கன் கைக்கு வராவிட்டாலோ, வந்தது வழியில் மாறிப்போனாலோ மறுபடி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மாறிப்போவதற்கு நல்ல உதாரணம் ஒன்று, அனுபவசாலிகளையும் சுற்றவிடுவது. நிர்வாகப் பக்கங்களை இணையத்தில் பகிரங்கமாகத் திறந்துவைக்க விரும்பாதவர்கள் எஸ்.எஸ்.எச். டனல் என்ற மறையாக்கப்பட்ட தனிவழி போட்டு, தொலைவிலுள்ள சர்வரைத் தங்கள் கணினியிலேயே இருப்பதுபோல ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற முகவரியில் திறப்பார்கள். முதல் சர்வர் 10001 என்ற போர்ட்டில், இரண்டாவது 10002-ல். பார்க்கப் பிசகில்லாத ஏற்பாடு. ஆனால் முதல் டேபில் லாகின் செய்துவிட்டு இரண்டாவதில் நுழைந்தால் முதலாவது வெளியே தள்ளிவிடும். அங்கே மறுபடி நுழைந்தால் இது தள்ளும். குக்கியைச் சேமிக்கும்போது பிரவுசர் ஹோஸ்ட் பெயரைத்தான் பார்க்கிறது, போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. இரண்டு பேனலும் ஒரே பெயரில் குக்கி வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். 2011-ல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 6265 என்ற தரநிர்ணயமே, குக்கிகள் போர்ட்வாரியாகப் பிரிந்திருப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஹோஸ்ட் பெயர் வைத்தால் போதும். அதற்கு நேரமில்லாவிட்டால் பிரவுசரில் தனித்தனி புரொஃபைல்.

கரண்ட் போவது அடுத்த காரணம். வைஃபை நின்றதும் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவோம், ஐ.பி. முகவரியும் மாறிவிடும். சி-பேனல் போன்றவை செஷனை, அதாவது லாகின் செய்த நிலையை, முகவரியோடு கட்டிவைக்கக்கூடியவை; முகவரி மாறினால் திருடன் என்று எண்ணி வெளியேற்றிவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் இந்த அமைப்பை அணைத்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘செக்யூர்’ முத்திரை குத்திய குக்கி சாதாரண எச்.டி.டி.பி. முகவரியில் வேலை செய்யாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தின் பேனலைச் சட்டம் போட்டுக் காட்டியவர்களுக்கு, 2020 பிப்ரவரியில் வந்த கூகுளின் குரோம் 80 பிரவுசர் பெரிய அதிர்ச்சி. பிற தளத்துக்குள்ளிருந்து கேட்டால் குக்கியை அனுப்பாமல் இருப்பதை அது இயல்பு விதியாக்கியது. கொரோனா நேரத்தில் அத்தியாவசியத் தளங்கள் தடுமாறக்கூடாதென்று கூகுள் அதை ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஜூலையில் மீண்டும் தொடங்கியது.

பாஸ்வேர்டுக்குப் பிறகு செல்போன் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கும் பேனல்களில் கடிகாரத்தையும் பாருங்கள். அந்த எண் 30 நொடிக்கொருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது; சர்வர் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலே சரியான எண்ணும் தவறாகிவிடும். சர்வர்களின் நேரத்தை தேசிய தகவலியல் மையமான என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டதை இதற்காகவாவது நினைவில் வைக்கலாம்.

இவ்வளவும் பார்த்தும் தீராவிட்டால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மையத்தை அழைப்போம். ‘ஹார் ஃபைல் அனுப்புங்கள்’ என்பார்கள். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தையின் முழுப் பதிவு அது. டோக்கனும் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். 2023 செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை ஆக்டா நிறுவனத்தின் உதவி மையக் கோப்புகளுக்குள் புகுந்தவர்கள் தேடியெடுத்தது இதைத்தான். உலகம் முழுக்க நிறுவனங்களின் லாகினைக் காவல் காக்கும் நிறுவனம் ஆக்டா. அதன் 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் எட்டப்பட்டன. அவற்றிலிருந்த டோக்கன்களை வைத்து 5 வாடிக்கையாளர்களின் செஷன்கள் கைப்பற்றப்பட்டன. ஒன்பாஸ்வேர்ட், பியாண்ட்டிரஸ்ட், கிளவுட்ஃபிளேர் ஆகியவை அந்த ஐந்தில் அடக்கம். அதற்கு அந்த வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டோ ஓடிபியோ எதுவும் திருடப்படத் தேவையிருக்கவில்லை.

‘குக்கியை அழித்துவிட்டுப் பாருங்கள்’ என்ற வழக்கமான யோசனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அழிவது உங்களிடமுள்ள பிரதி மட்டுமே. சர்வரின் பேரேட்டில் அந்த எண் காலாவதியாகும்வரை செல்லும். ஆகவே ஹார் கோப்பை அனுப்ப நேர்ந்தால், பதிவு முடிந்ததும் பேனலில் முறையாக லாக் அவுட் பொத்தானை அழுத்துங்கள். கோப்பைத் திறந்து ‘குக்கி’, ‘ஆதரைசேஷன்’ என்ற வரிகளின் மதிப்புகளை நீக்குங்கள். அதன் பிறகு அனுப்புங்கள்.