ஹவுஸ் சர்ஜன்களுக்கு அந்த ஒரு வருடத்தை விட்டுக்கொடுங்கள்

கோவை திருச்சி சாலை ஜி.எச்.சில் ரத்தக் குப்பிகளோடு ஓடிக்கொண்டிருப்பவர் ஹவுஸ் சர்ஜன். நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படித்துத் தேறியவர்தான். ஆனால், மருத்துவ கவுன்சிலில் இப்போதைக்குத் தற்காலிகப் பதிவு மட்டுமே. ‘சி.ஆர்.ஆர்.ஐ.’ எனும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு. 1966இல் தொடங்கிய கோவை மருத்துவக் கல்லூரி இருப்பது அவிநாசி சாலையில். தொழில் படிவதோ இங்கே, வார்டில்.

தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டதென்று ராத்திரியில் கூட்டிவருகிறார்கள். காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். குழாய் சோப்பில் கழுவியதாக இருந்தால் முடிவு தப்பாகலாம். கடிபட்டது குழந்தையானாலும் மருந்தின் அளவு பெரியவருக்குத் தருவதேதான்; பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே! இத்தனையும் புத்தகத்தில் இருக்கிறது. “ஏனுங்க டாக்டரு, உசுருக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?” என்று சொந்தபந்தம் சூழ்ந்து நிற்க, அந்த 20 நிமிடம் பதறாமல் நிற்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது.

2021 விதிகளின்படி இந்த ஓராண்டுப் பயிற்சியில் 12 வாரம் சமுதாய மருத்துவம். மீதி பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, பிரசவ வார்டு என்று சுற்றிவர வேண்டும். பிரிட்டனில் 2005 முதல் இதற்கு இரண்டு ஆண்டுகள். நம் ஓராண்டையோ முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. தின்றுவிடுகிறது. 2025இல் பயிற்சியை முடிக்கக் கடைசி நாள் ஜூலை 31. தேர்வு ஆகஸ்ட் 3. டூட்டி ரூமில் கிடைக்கும் அரை மணி நேரத்திலும் கைபேசியில் கேள்வி வங்கியைத் திறக்கிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ரேங்க்கைத் தீர்மானிப்பவை அந்த 200 கேள்விகள்தான். வார்டில் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

தேசிய மருத்துவ ஆணையம் பயிற்சி முடிவுக்கும் தேர்வுக்கும் இடையே மூன்று மாதமாவது விடட்டும். மாதிரிகளை லேபுக்குத் தூக்கிச் செல்ல மருத்துவமனைகள் தனி ஆள் போடட்டும். மருத்துவம் பழக வந்தவர்களை நோயாளியின் பக்கத்தில் நிற்க விடுங்கள்.